தோப்பில் வைத்த கருவி இணையத்தில் சேராதபோது: இஎஸ்பி32, சிம் மாட்யூல் கோளாறுகளைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டி அமைந்த ஊர்களின் தென்னந்தோப்புகளில், மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து போடவும் நிறுத்தவும், தொட்டியின் நீர்மட்டத்தையும் மண்ணின் ஈரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கவும் உதவும் சிறு கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. நான் திறந்து பார்த்த பெட்டிகளுக்குள் பெரும்பாலும் வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகையான இஎஸ்பி8266 அல்லது இஎஸ்பி32 போர்டு இருக்கும். வைஃபை எட்டாத தோப்பாக இருந்தால் அதனுடன் கைப்பேசி வலை வழியே பேசும் ஒரு சிம் மாட்யூலும் இருக்கும். கருவி பேசாமல் போனால் தோப்புக்காரர் சொல்வது ஒரே சொற்றொடர்தான்: "நெட்டு வரலீங்க."

மின்சாரம் போதாமை, சிக்னல் எட்டாமை, கடவுச்சொல் பிழை, ஐபி முகவரி கிடைக்காமை, பெயரை முகவரியாக மாற்ற இயலாமை, கடிகாரம் தவறியிருத்தல், சர்வர் மறுத்தல், நிரல் முடங்கிப்போதல் ஆகிய அனைத்தையும் அந்த ஒரே சொற்றொடர்தான் குறிக்கிறது. இவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த படிகள். கீழ்ப்படி உறுதியாகாமல் மேல்படியைச் சோதித்தால் கிடைக்கும் விடை எதையும் நம்ப முடியாது. ஆகவே கருவி எந்தப் படியில் நின்றது என்பதைக் கண்டுபிடிக்கும் வரை நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிரலை மாற்றியபின் தற்செயலாகக் கருவி இயங்கிவிட்டால், உண்மையான காரணம் மறைந்துவிடும். அடுத்த வாரம் அதே தோப்புக்கு மீண்டும் போக வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன்: கருவி சொல்வதைக் கேட்டல்

மடிக்கணினியை இணைத்து, போர்டு அச்சிடும் வரிகளைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து, வேகத்தை 115200 என்று வைத்துக்கொள்ளுங்கள். இஎஸ்பி8266 போர்டு எழும்போது முதலில் வரும் சில வரிகள் மட்டும் 74880 வேகத்தில் வருவதால் அவை கிறுக்கலாகத் தெரியும். அது பழுது ஆகாது. நிரல் எழும்போதே கடந்த முறை போர்டு ஏன் மறுதொடக்கம் ஆனது என்ற காரணத்தையும், வைஃபை துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கான காரண எண்ணையும் அச்சிடும்படி முதலிலேயே எழுதியிருந்தால் இந்த வழிகாட்டியின் பாதி வேலை முடிந்துவிடும். இல்லையென்றால், இப்போது சேர்க்கலாம். நான் மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றே விலக்கு.

முதல் படி: மின்சாரம்

இஎஸ்பி32 அமைதியாக இருக்கும்போது சில பத்து மில்லியாம்பியர் போதும். ஆனால் வைஃபையில் அனுப்பும் கணத்தில் அது பல மடங்காக எகிறும் என்பதால், 3.3 வோல்ட்டில் குறைந்தது 500 மில்லியாம்பியர் தரக்கூடிய மின்வழங்கல் தேவை என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். பல போர்டுகளில் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் 1117 வகை ரெகுலேட்டர் சரியாக இயங்க, உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே தருவதைவிட ஏறத்தாழ 1.1 முதல் 1.3 வோல்ட் வரை கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 4.6 வோல்ட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். இப்போது மெல்லிய, நீளமான யூஎஸ்பி கேபிள் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். போய்த் திரும்பும் கம்பியின் மின்தடை மொத்தம் ஓர் ஓம் என்றால், அரை ஆம்பியர் இழுக்கும் கணத்தில் அரை வோல்ட் கேபிளிலேயே தொலைந்து, 5 வோல்ட் 4.5 ஆகிவிடுகிறது. போர்டு அந்தக் கணத்தில் விழுந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் வைஃபையைத் தேடி, மீண்டும் விழும். சீரியல் மானிட்டரில் 'பிரௌன்அவுட்' (மின்னழுத்தச் சரிவு) என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் இதுவே.

மல்டிமீட்டர் இதைக் காட்டாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது காட்டுவது சராசரி. விழுவதோ சில மில்லிநொடிகளுக்கு மட்டும். எளிய சோதனை, நல்ல பவர் பேங்கும் ஓர் அடி நீளமுள்ள தடித்த கேபிளும் கொண்டு அதே இடத்தில் அதே போர்டை இயக்கிப் பார்ப்பதுதான். அப்படி இயக்கியதும் இணைப்பு நிலைத்தால், அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள். போர்டின் மின் உள்ளீட்டுக்கு வெகு அருகில் 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றையும் சேருங்கள்.

வேலந்தாவளத்துக்கு அருகில் ஒரு தோப்பு. "மோட்டாரைப் போட்டா நெட்டு போயிருதுங்க தம்பி, நிறுத்துனாலும் திரும்ப வர்றதில்லீங்க" என்றார் தோப்புக்காரர். மோட்டார் ரூமில் போர்டு பவர் பேங்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே போர்டுக்கு மின்சாரம் போதவில்லை என்ற ஐயத்துக்கே இடமில்லை. மோட்டாரைப் போடச் சொல்லி சீரியல் மானிட்டரைப் பார்த்தேன். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் 'டக்' என்று ஒட்டியது. அடுத்த நொடியில் துண்டிப்புக் காரணம் 200, பிறகு 201, 201, 201. போர்டு ஒருமுறைகூட மறுதொடக்கம் ஆகவில்லை. 200 என்றால் ரௌட்டரின் துடிப்பு நின்றுவிட்டது, 201 என்றால் அந்தப் பெயரில் ரௌட்டரே இல்லை. வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பார்த்தால், ரௌட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. நேரடியாகப் போடப்படும் மோட்டார் தொடங்கும் கணத்தில் இயல்பான மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். மின்பாதையின் கடைசியில் இருந்த அந்த வீட்டில் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் சரிந்து, ரௌட்டர் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. ரௌட்டர் எழுந்து முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. போர்டின் நிரலோ இருபது முறை முயன்றுவிட்டு அதன்பின் முயற்சியையே நிறுத்தும்படி எழுதப்பட்டிருந்தது. ரௌட்டருக்குச் சிறிய 12 வோல்ட் பேட்டரி பேக்கப் வைத்தோம். நிரலில் முயற்சியை நிறுத்தும் வரியை நீக்கினோம். ஒரே முறையீட்டுக்குள் இரண்டு கோளாறுகள் இருந்தன. ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால், என்றாவது வேறு காரணத்தால் ரௌட்டர் அணையும்போது அதே புகார் திரும்பியிருக்கும்.

இரண்டாம் படி: சிக்னல்

இஎஸ்பி8266, பழைய இஎஸ்பி32 ஆகிய இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். கைப்பேசி அதே இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருப்பது நமக்குச் சான்றாகாது. ரௌட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், பிரித்து வேறு வேறு பெயர் வைத்துச் சோதியுங்கள். சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் நிறுத்துங்கள். 12, 13 ஆகிய சேனல்கள் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவையே என்றாலும், போர்டின் நாட்டு அமைப்பு மாற்றப்படாதிருந்தால் அவற்றில் சிக்கல் வரக்கூடும்.

போர்டைக்கொண்டே சுற்றுப்புறத்தை ஸ்கேன் செய்யவைத்து சிக்னல் அளவைப் பாருங்கள். சிக்னலின் வலுவைக் குறிக்கும் அலகு டிபிஎம்; மைனஸ் 50 டிபிஎம் சுற்றி இருந்தால் மிக நன்று. மைனஸ் 67 வரை கவலையில்லை. மைனஸ் 75 தாண்டினால் விட்டு விட்டு வரும். மைனஸ் 80க்குக் கீழே என்றால் இணைந்தாலும் அதை நம்பிக் கருவி வைக்கலாகாது. திறந்த வெளியிலேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 100 மீட்டர் போவதற்குள் சுமார் 80 டெசிபல் இழக்கிறது; தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் மேலும் 6 டெசிபல் போகிறது. தென்னந்தோப்பில் இதற்குமேல் மட்டைகளிலும் ஓலைகளிலும் உள்ள நீர் அலையை விழுங்குகிறது. கோடையில் வறண்ட நாளில் சோதித்து மகிழ்ச்சியோடு திரும்பிய இணைப்பு, ஜூனில் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சாரலோடு நுழைந்து ஓலைகளை நனைக்கும்போது அறுந்துபோவது இதனால்தான். ஆகவே வறண்ட நாளில் அளந்தால் குறைந்தது 10 டெசிபலாவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் முக்கியம். ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள் போர்டை வைத்து மூடினால் சிக்னல் வெளியே வர வழியில்லை. கதவைத் திறந்து வைத்துச் சோதிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், அல்லது வெளி ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ள மாட்யூலை வாங்குங்கள். போர்டிலேயே அச்சிட்ட ஆன்டெனா என்றால், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 15 மில்லிமீட்டராவது உலோகமோ கம்பியோ இல்லாமல் இருக்கட்டும்.

மூன்றாம் படி: ரௌட்டரில் சேர்தல்

சிக்னல் நன்றாக இருந்தும் சேரவில்லையென்றால் காரண எண்ணே வழிகாட்டும். 15 அல்லது 202 என்று வந்தால் பெரும்பாலும் கடவுச்சொல் தவறு. சிக்னல் கண்முன்னே தெரிந்தும் 201 வந்தால், பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை, அல்லது ரௌட்டரின் பாதுகாப்பு முறை போர்டுக்குப் புரியவில்லை. ரௌட்டரில் 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருந்தால், 'டபிள்யூபிஏ2' என்று மாற்றிப் பாருங்கள்.

பெயர் பொருந்தாமைக்கு நம் மொழிக்கே உரிய ஒரு காரணம் உண்டு. அதை வேறெங்கும் யாரும் விளக்கி நான் கண்டதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வைஃபையின் பெயருக்கு உள்ள இடம் 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்; தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது, உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'கொழிஞ்சாம்பாறை' என்ற ஏழெழுத்துப் பெயரில் பதினான்கு குறியீடுகள் உள்ளன. அது 42 பைட், ஆகவே முழுதாகக் கொள்ளாது. அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று: 'தோப்பு' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் தெரியும். ரௌட்டரில் ஒரு விசைப்பலகையாலும் நிரலில் இன்னொரு விசைப்பலகையாலும் தட்டச்சு செய்திருந்தால், ஒன்று 18 பைட், மற்றது 21 பைட். போர்டைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு பெயர்கள். வீட்டு வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுவது எனக்கும் பிடிக்கும். கருவிகள் சேரும் வைஃபைக்கு மட்டும் குறுகிய ஆங்கிலப் பெயரை, முன்னும் பின்னும் இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

கைப்பேசியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் போட்டு, எளிய பெயரும் எளிய கடவுச்சொல்லும் கொடுத்து, போர்டு அதில் சேர்கிறதா என்று பார்ப்பது இந்தப் படியின் இறுதித் தீர்ப்பு. சேர்ந்தால் போர்டு நலம், ரௌட்டரைக் கவனியுங்கள்.

வைஃபை சேர்ந்ததும் ஈரமானியின் அளவீடு மட்டும் நின்றுபோனால் பதற வேண்டாம். இஎஸ்பி32இல் அனலாக் அளவை எண்ணாக மாற்றும் இரண்டாம் ஏடிசியின் பின்களான 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 ஆகியவற்றில் வைஃபை இயங்கும்போது அனலாக் அளவீட்டை நம்ப முடியாது. சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் ஒன்றுக்கு மாற்றினால் போதும்.

நான்காம் படி: முகவரியும் பெயரும்

சேர்ந்தபின் போர்டு தன் ஐபி முகவரியை அச்சிடட்டும். 0.0.0.0 என்றால் ரௌட்டர் முகவரி தரவில்லை. தருவதற்கு வைத்திருக்கும் எண்கள் தீர்ந்திருக்கலாம், ரௌட்டரை அணைத்துப் போட்டால் தெரிந்துவிடும். நீங்களே நிலையான முகவரி கொடுத்திருந்தால், அதே எண்ணை ரௌட்டர் வேறொரு கைப்பேசிக்குக் கொடுத்துவிடாதபடி ரௌட்டரிலும் அதை ஒதுக்கிவையுங்கள். டபிள்யூ5500 போன்ற ஈதர்நெட் மாட்யூல் வைத்திருப்பவர்கள், எடுத்துக்காட்டு நிரலில் இருந்த மேக் முகவரியை (கருவிக்கே உரிய தனி அடையாள எண்ணை) அப்படியே இரண்டு கருவிகளில் பதித்துவிட்டோமா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும்: ரௌட்டரின் முகவரி பதிலளிக்கிறதா, வெளி இணையத்தில் உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8 பதிலளிக்கிறதா, சர்வரின் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி திரும்பி வருகிறதா. முதலாவது இல்லையென்றால் உள் வலையில் பிழை. இரண்டாவது இல்லையென்றால் வீட்டுக்கு வரும் இணையமே இல்லை. மூன்றாவது மட்டும் இல்லையென்றால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் பிழை. நிலையான முகவரி கொடுக்கும்போது டிஎன்எஸ் எண்ணைக் கொடுக்க மறப்பதே மூன்றாவதற்கு நான் அடிக்கடி கண்ட காரணம்.

ஐந்தாம் படி: கடிகாரம்

பாதுகாப்பான இணைப்பில் சர்வரின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. போர்டு எழும்போது அதன் கடிகாரம் 1970 ஜனவரி 1இல் நிற்கிறது. அந்த நாளில் இன்றைய சான்றிதழ் எதுவும் பிறக்கவே இல்லை என்பதால், சான்றிதழைச் சரிபார்க்கும்படி எழுதப்பட்ட நிரல் இணைப்பை மறுத்துவிடும். இணையத்திலிருந்து சரியான நேரம் தரும் என்டிபி வழியே நேரத்தை வாங்கி, ஆண்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சர்வரை அழையுங்கள். சில அலுவலக வலைகளில் என்டிபிக்கான 123ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) அடைக்கப்பட்டிருக்கும். இந்திய நேரத்துக்கான 19800 நொடிகளை நேர மண்டலமாகக் கொடுக்க வேண்டும். மூல நேரத்தோடு கையால் கூட்டிவிடக் கூடாது. சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையை, மோட்டாரை இயக்கும் கருவியில் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். யாரோ ஒருவர் உங்கள் கிணற்று மோட்டாரை ஓடவிடுவதற்கு அது கதவைத் திறந்து வைக்கிறது.

ஆறாம் படி: சர்வர்

கருவியும் சர்வரும் செய்தி பரிமாறிக்கொள்ள எம்க்யூடிடி முறையைப் பயன்படுத்துவோர், சாதாரண இணைப்புக்கு 1883, பாதுகாப்பான இணைப்புக்கு 8883 என்ற போர்ட் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதே ஹாட்ஸ்பாட்டில் இணைந்த மடிக்கணினியிலிருந்து அதே பயனர்பெயர், கடவுச்சொல்லோடு சர்வரை அழைத்துப் பாருங்கள். மடிக்கணினிக்கும் மறுப்பு வந்தால் போர்டைத் தொட வேண்டாம்.

இணைந்து, சில நொடிகளில் துண்டாகி, மீண்டும் இணைந்து, மீண்டும் துண்டாகும் கருவியைக் கண்டால், இரண்டு கருவிகளுக்கு ஒரே கிளையன்ட் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று வந்ததும் சர்வர் மற்றதை வெளியேற்றும். வெளியேறியது மீண்டும் வந்து முதலாவதை வெளியேற்றும். ஒரே நிரலைப் பத்துப் போர்டுகளில் பதிப்பவர்களுக்கு இது நிச்சயம் நேரும். அடையாளத்தில் போர்டின் மேக் எண்ணைச் சேர்த்தால் தீர்ந்தது. சிறு செய்திகள் போய்ச் சேர்ந்து பெரிய செய்தி மட்டும் போகவில்லையென்றால், எம்க்யூடிடிக்கான பப்சப்கிளையன்ட் நிரல் நூலகத்தின் இயல்பான வரம்பு 256 பைட் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதில் தமிழ்ச் செய்தி எண்பத்தைந்து குறியீடுகளைத் தாண்டாது.

சிம் மாட்யூல் இருந்தால்: தனி ஏணி

சிம்800எல் மாட்யூல் 3.4 முதல் 4.4 வோல்ட்டுக்குள் மட்டுமே இயங்கும். அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 5 வோல்ட் அதற்கு மிகை, இஎஸ்பி32இன் 3.3 வோல்ட் குறை. ஒரு லித்தியம் செல்லும் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் கொடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அது 2ஜி மட்டும் அறிந்த மாட்யூல்; 2ஜி சேவையே இல்லாத ஜியோ சிம்மை அதில் எத்தனை முறை போட்டாலும் டவர் கிடைக்காது.

மாட்யூலிடம் பேச உதவும் ஏடி கட்டளைகளைக் கையால் தட்டச்சு செய்து வரிசையாகக் கேளுங்கள். சிம் தயாரா என்று கேட்டால் 'ரெடி' என வர வேண்டும். சிக்னல் கேட்டால் 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். அதை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் டிபிஎம். எண் 10 என்றால் மைனஸ் 93. அதற்குக் கீழே நம்ப வேண்டாம். 99 என்றால் சிக்னலே அறியப்படவில்லை, ஆன்டெனாவைப் பாருங்கள்.

அடுத்தது வலைப்பதிவு நிலை. எல்லையில் இருப்பவர்கள் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இது. 2 என்றால் தேடுகிறது, 3 என்றால் மறுக்கப்பட்டது, 1 என்றால் சொந்த வட்டத்தில் பதிவாகிவிட்டது, 5 என்றால் ரோமிங்கில் பதிவாகிவிட்டது. இந்தியாவில் ஒரே நிறுவனத்துக்கும் ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் தனித்தனி வலை எண் உண்டு. எடுத்துக்காட்டாக ஏர்டெல்லுக்குத் தமிழ்நாட்டில் 404-94, கேரளத்தில் 404-95. மீனாட்சிபுரத்தின் பக்கம் ஒரு தோப்பில் தமிழ்நாட்டு சிம் போட்ட கருவி காலையில் வேலை செய்யும், மாலையில் செய்யாது, எந்த ஒழுங்கும் தெரியவில்லை. மாட்யூலிடம் கேட்டபோது ஒருமுறை '0,1' என்றும் பத்து நிமிடம் கழித்து '0,5' என்றும் பதில் வந்தது; இரண்டாம் எண்தான் பதிவு நிலை. இரண்டு மாநிலத்து டவர்களும் ஏறக்குறைய ஒரே வலுவில் எட்டும் இடம் அது. மாட்யூல் இரண்டிலும் நன்றாகவே பதிவாகியிருந்தது. நிரல்தான் '1' வரும் வரை காத்திரு என்று எழுதப்பட்டு, '5' வந்தபோதெல்லாம் முடிவின்றிக் காத்துக்கொண்டிருந்தது. ஒரே வரியில் 'ஒன்று அல்லது ஐந்து' என்று மாற்றினோம். வட்டங்களுக்கிடையே தாவுவதே தொல்லையானால், வலைத்தேர்வுக் கட்டளையால் ஒரு வலை எண்ணில் நிலைநிறுத்தலாம். ஆனால் அந்த டவர் அணைந்தால் கருவியும் அணைந்துவிடும் என்பதால், நான் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

பதிவான பிறகும் டேட்டா வரவில்லையென்றால், சிம் நிறுவனத்தின் இணைய வாயிலைக் குறிக்கும் ஏபிஎன் பெயரைச் சரிபாருங்கள். வெளியிலிருந்து சிம் கருவியை நேரடியாக அழைக்க முயலாதீர்கள். கைப்பேசி வலையில் பல இணைப்புகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், கருவிதான் சர்வரை அழைத்து இணைப்பைத் திறந்து வைக்க வேண்டும்.

ஏழாம் படி: நிரல்

இணைப்பு அறும் என்று எதிர்பார்த்தே நிரலை எழுத வேண்டும். வைஃபை வரும் வரை ஒரே சுழலில் நின்று காத்திருக்கும் நிரல், அந்த நேரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டாரை நிறுத்தாது. மோட்டாரைக் காக்கும் பகுதி இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன்பாட்டில் ஓட வேண்டும்; இணைப்பு முயற்சி 5 நொடி, 10 நொடி, 20 நொடி என்று இடைவெளியைக் கூட்டி, இடைவெளி 5 நிமிடம் ஆனதும் அதற்குமேல் கூட்டாமல், முயற்சியை என்றும் கைவிடாமல் தொடர வேண்டும். நிரல் முடங்கினால் போர்டை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாகை இயக்கி வையுங்கள். ஒரு மணி நேரமாக சர்வரே கிடைக்கவில்லையென்றால், மோட்டார் ஓடாத நேரம் பார்த்து போர்டைத் தானே மறுதொடக்கம் செய்யவைக்கலாம்.

கருவி அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் சிக்னல் அளவு, எழுந்து எத்தனை நொடி ஆயிற்று, கடைசி மறுதொடக்கக் காரணம், கடைசித் துண்டிப்புக் காரண எண் ஆகிய நான்கையும் சேர்த்தனுப்புங்கள். பெட்டியை மூடும் முன் அதன் மூடியின் உட்புறத்தில் வைஃபை பெயர், போர்டின் மேக் எண், சிம் எண், அன்று அளந்த சிக்னல், நாள் ஆகியவற்றை அழியாத மையில் எழுதி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.